மருத்துவக் கோப்பில் உள்ள உங்கள் அந்தரங்கம்: யார் பார்க்கலாம்? யார் பார்க்கக் கூடாது?

சிம்பாங் அம்பாட் - செபராங் பிறை தென் மாவட்டத்தில் வாழும் நம்மவர்களில் பெரும்பாலோரின் மருத்துவக் கதை காகிதத்தில்தான் இருக்கிறது. சுகாதார கிளினிக்கில் ஓர் அட்டை, சுங்கை பாக்காப் மருத்துவமனையில் ஒரு கோப்பு, அங்கிருந்து செபராங் ஜெயாவுக்கோ பினாங்கு பொது மருத்துவமனைக்கோ அனுப்பினால் அங்கே இன்னொரு கோப்பு, வீட்டு அலமாரியில் எக்ஸ்ரே உறை, மருந்துச் சீட்டு, எம்.சி. என்று ஒருவரைப் பற்றிய விவரம் பத்து இடங்களில் கிடக்கும்.

காகிதமே இல்லாத மருத்துவமனை என்ற பெயருடன் சிலாயாங் மருத்துவமனை 1999-இல் செயல்படத் தொடங்கியது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் நாட்டின் பல அரசாங்க மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் தாதியர் கையில் இருப்பது கோப்புதான். கணினி வந்த இடங்களிலும் பரிந்துரைக் கடிதம், இரத்தப் பரிசோதனைப் பாரம், சம்மதப் பத்திரம் எல்லாம் அச்சாகித்தான் வெளிவருகின்றன. கணினிக்குக் கடவுச்சொல் உண்டு. மேசை மேல் திறந்து கிடக்கும் கோப்புக்கு அது கிடையாது.

இந்தக் கட்டுரை மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. உங்கள் மருத்துவக் கோப்பைப் பாதுகாக்கும் கடமை யாருக்கு? அது எங்கெங்கே கசிகிறது? கசிந்தால் நீங்கள் என்ன செய்யலாம்?

ஏன் இது நமக்குப் பெரிய விஷயம்?

பெருநகரத்தில் ஒருவருடைய பரிசோதனை முடிவை யாரோ பார்த்துவிட்டால் அவர் முகம் தெரியாத மனிதராகவே கடந்து போகலாம். நம் ஊர் அப்படியல்ல. வால்டோர், பைராம், பத்து காவான், கலிடோனியா, டிரான்ஸ்கிரியன் தோட்டங்களிலிருந்து வெளிவந்த குடும்பங்கள்தான் இன்று சுற்றியுள்ள தாமான்களில் குடியிருக்கின்றன. காத்திருக்கும் நாற்காலியில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் அம்மாவோடு பால் மரம் வெட்டியவராக இருக்கலாம். மருந்துக் கவுண்டரில் நிற்பவர் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு உறவினராக இருக்கலாம்.

காசநோய் என்று கேள்விப்பட்டால் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். மனநலக் கிளினிக் தேதி அட்டையைப் பார்த்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவே வேண்டாம். திருமணமாகாத பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை, பிள்ளை இல்லாத தம்பதியின் விந்தணுப் பரிசோதனை, குடும்பத் தலைவரின் குடிப்பழக்கச் சிகிச்சை ஆகியவை வெளியே போனால் பாதிக்கப்படுவது ஒருவர் மட்டுமல்ல, வீடே.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தன் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர் மருத்துவரிடம் முழுதாகச் சொல்லமாட்டார். காசநோய் மருந்தைப் பாதியில் விடுவார். பக்கத்துக் கிளினிக்குக்குப் போகாமல் தள்ளிப்போடுவார். அந்தரங்கம் காக்கப்படாத இடத்தில் சிகிச்சையும் ஒழுங்காக நடக்காது.

கோப்பு யாருடையது? விவரம் யாருடையது?

பலரும் குழம்பும் இடம் இதுதான். தனியார் மருத்துவமனைகளுக்கு 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் (சட்டம் 586) உண்டு. அதன் கீழ் 2006-இல் வந்த விதிகளின்படி மருத்துவக் கோப்பு மருத்துவமனையின் சொத்து. அரசாங்க மருத்துவமனையிலும் கோப்பு அரசாங்கத்தின் பதிவேடுதான். ஆகவே மூலக் கோப்பை வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் அதில் எழுதியிருக்கும் விவரம் உங்களைப் பற்றியது. உங்கள் நோய் என்ன, என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்பதை அறியும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்கான வழி மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பம் செய்வது. அரசாங்க மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் பாரம் வாங்கி, அடையாள அட்டை நகலோடு, குறித்த கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்க வேண்டும். வேறொருவர் உங்களுக்காகப் போனால் உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கேட்பார்கள். நோயாளி இறந்துவிட்டிருந்தால் மரணச் சான்றிதழும், நெருங்கிய உறவு என்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள். இதை அலைக்கழிப்பு என்று சிலர் கோபப்படுகிறார்கள். கடிதம் இல்லாமல் கொடுத்தால் உங்கள் அறிக்கையை நாளை யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம்.

பாதுகாக்கும் கடமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஒரே சட்டத்தில் எல்லாம் அடங்கவில்லை. அரசாங்கம், தனியார் என்று வழி இரண்டாகப் பிரிகிறது.

தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு (சட்டம் 709) உட்பட்டவை. இது 15 நவம்பர் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களை இந்தச் சட்டம் ‘நுண்ணிய தனிநபர் தரவு’ என்று தனியாக வகைப்படுத்துகிறது. பெயர், முகவரியைவிட அதிகக் கவனத்தோடு அதைக் கையாள வேண்டும். கணினியில் உள்ளதற்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்குபடுத்தி அடுக்கி வைத்த காகிதக் கோப்பும் இதில் அடங்கும்.

2015-இன் இறுதியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையர் வெளியிட்ட தரநிலையில் காகிதத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. கோப்புகளை ஒழுங்காக, பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். சாவி யார் கையில் இருக்கிறது என்பதற்குப் பதிவு வேண்டும். வேலையை விட்டுப் போன ஊழியரின் அனுமதியை நிறுத்த வேண்டும். விவரம் உள்ள காகிதங்களை இயந்திரத்தில் துண்டாக்குவது போன்ற முறையில் முழுதாக அழிக்க வேண்டும் என்பவை அதன் சாரம்.

2024-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2025-இல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாகவும், சிறைத்தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்துள்ளது. 1 ஜூன் 2025 முதல் தரவு கசிந்தாலோ காணாமல் போனாலோ நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரிய தீங்கு வரக்கூடும் என்றால், அதன்பின் 7 நாட்களுக்குள் அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

அரசாங்கப் பக்கம் வேறு. சட்டம் 709 மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது என்று அச்சட்டமே சொல்கிறது. அதற்காக அரசாங்க மருத்துவமனையில் உங்கள் கோப்புக்குக் காவல் இல்லை என்று ஆகிவிடாது. சுகாதாரத் தலைமை இயக்குநரின் 2010-ஆம் ஆண்டு 17-ஆம் எண் சுற்றறிக்கை, நோயாளியின் மருத்துவப் பதிவேட்டை எப்படிக் கையாள்வது என்று வழிகாட்டுகிறது. 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், அனுமதி இல்லாமல் பொதுப் பதிவேட்டை அழிக்கக் கூடாது என்கிறது. ஊழியர்களுக்கு அரசுப் பணி ஒழுங்குமுறையும் உண்டு.

அரசாங்கம், தனியார் என்று பாராமல் எல்லா மருத்துவர்களையும் கட்டுவது மலேசிய மருத்துவ மன்றத்தின் நெறிமுறை. இரகசியக் காப்பு பற்றிய அதன் வழிகாட்டி 2011-இல் வந்தது. நோயாளி இறந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது.

பினாங்கு நீதிமன்றம் சொன்னது

நோயாளியின் அந்தரங்கம் பற்றி மலேசியாவில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று நம் பினாங்கு உயர் நீதிமன்றத்திலிருந்து 2010-இல் வந்தது. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒரு பெண் நோயாளி மயக்க மருந்தில் இருந்தபோது, மருத்துவர் அவரது அந்தரங்க உறுப்பைப் படம் எடுத்தார். மருத்துவப் பதிவுக்காகவே எடுத்தேன் என்பது மருத்துவரின் வாதம். முன்கூட்டியே சம்மதம் பெறாமல் அப்படி எடுத்தது அந்தரங்கத்தை மீறிய செயல் என்று நீதிமன்றம் ஏற்று, நோயாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இது காகிதக் கோப்பு வழக்கு அல்ல. ஆனால் ‘பதிவுக்காக’ என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடாது என்பது கோப்புக்கும் பொருந்தும். அந்தரங்க மீறலைத் தனி உரிமையியல் தவறாக ஏற்கலாமா என்பதில் மலேசிய நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு இருந்துவந்துள்ளது. ஏறக்குறைய அதே காலத்தில், வழக்கறிஞர் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு, அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது.

காகிதம் கசிந்த கதைகள்

கசிவு என்றால் திருடன் வந்து கதவை உடைப்பான் என்று நினைக்கிறோம். வெளிநாடுகளில் தண்டனை வரை போன சம்பவங்களைப் பார்த்தால் பெரும்பாலும் கவனக்குறைவுதான் காரணம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஊழியர் ஒருவர் 2009-இல் வேலையை வீட்டில் முடிக்கலாம் என்று ஆவணங்களை எடுத்துக்கொண்டு போனவர், அவற்றை இரயிலிலேயே விட்டுவிட்டார். தொற்றுநோய்ப் பிரிவைச் சேர்ந்த 192 நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன, எச்.ஐ.வி. உள்ளவர்களும் அவர்களில் உண்டு. காகிதம் திரும்பக் கிடைக்கவே இல்லை. மருத்துவமனை 10 லட்சம் டாலர் கட்டியது.

அதே ஆண்டில் இன்னொரு அமெரிக்க நிறுவனமான பார்க்வியூ, 71 பெட்டி நோயாளிக் கோப்புகளை ஒரு மருத்துவரின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அவர் வீட்டில் இல்லை என்று தெரிந்தே இறக்கினார்கள். பொதுச்சாலையிலிருந்து சில அடி தூரம்தான். 2014-இல் 8 லட்சம் டாலருக்கு அந்த விவகாரம் முடிந்தது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பெல்வாய்ர் பார்க் மருத்துவமனை 2006-இல் மூடப்பட்டது. கட்டடத்தைப் பூட்டினார்கள், உள்ளே இருந்த ஏறக்குறைய ஒரு லட்சம் நோயாளிக் கோப்புகளை மறந்துவிட்டார்கள். அத்துமீறி நுழைந்தவர்கள் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். பொறுப்பான அமைப்புக்கு 2012-இல் 2 லட்சத்து 25 ஆயிரம் பவுண்டு அபராதம்.

இலண்டனில் ஒரு மருந்து நிறுவனம் ஏறக்குறைய 5 லட்சம் ஆவணங்களைப் பூட்டில்லாத பெட்டிகளில் பின்முற்றத்தில் போட்டு வைத்திருந்தது. சில மழையில் நனைந்தும் கிடந்தன. 2019-இல் விதித்த 2 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம், மேல்முறையீட்டில் 92 ஆயிரமாகக் குறைந்தது.

வீட்டுக்கு எடுத்துப் போனது, வாசலில் இறக்கியது, கட்டடத்தோடு மறந்தது, முற்றத்தில் போட்டது. நான்கிலும் கணினித் திருடன் யாரும் இல்லை.

கோப்பு போகும் வழி; கசியும் இடம்

பதிவு முகப்பிடம்: பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் உரக்கக் கேட்பது, ‘என்ன நோய்?’ என்று வரிசையின் முன்னால் விசாரிப்பது. வரிசை எண்ணால் கூப்பிடுவதும், வருகைக்கான காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்வதும் செலவில்லாத தீர்வு. தேதி அட்டைகளை எல்லாரும் புரட்டும் கூடையில் போடச் சொல்வதைத் தவிர்க்கலாம். அட்டையில் எந்தக் கிளினிக் என்பது இருக்கும். அது ஒன்றே போதும், கதை கட்டுவதற்கு.

காத்திருக்கும் இடம்: கோப்பை நோயாளியின் கையிலோ, கூட வந்தவர் கையிலோ கொடுத்து ‘எக்ஸ்ரே அறைக்குக் கொண்டு போங்கள்’ என்று அனுப்புவது. மூடிய உறையில் கொடுத்தால் வழியில் யாரும் புரட்டமாட்டார்கள்.

வார்டு: கட்டில் காலில் தொங்கும் அட்டவணை, தாதியர் மேசையில் திறந்த கோப்பு, வெள்ளைப் பலகையில் பெயரோடு நோயின் பெயர், வேலை நேரம் மாறும்போது எழுதிக்கொள்ளும் குறிப்புத் தாள். அந்தத் தாள் சட்டைப் பையிலேயே வீட்டுக்குப் போய், துவைக்கும்போது வெளிவருவது உண்டு. வேலை முடிந்து கிளம்பும் முன் பையைக் காலி செய்து, தாளைப் பூட்டிய கழிவுப் பெட்டியில் போடுவது பழக்கமாக வேண்டும்.

நகல் இயந்திரம்: மூலத்தாளை இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு நகலோடு போவது. தவறாக அச்சான தாளைக் குறிப்பு எழுதவும், பிள்ளைகள் படம் வரையவும் பின்பக்கத்துக்காகச் சேமிப்பது. சிக்கனம் நல்லதுதான்; நோயாளியின் பெயர் உள்ள தாளில் மட்டும் அது வேண்டாம்.

பதிவேட்டு அறை: ஒரு கோப்பை எடுத்தால் அந்த இடத்தில் தடக்குறிப்பு அட்டை வைக்க வேண்டும். யார் எடுத்தது, எந்தத் தேதி, எந்த வார்டுக்குப் போனது என்று அதில் இருக்கும். அட்டை வைக்காமல் எடுத்த கோப்பு தொலைந்தால் தேடுவதற்குத் துப்பு கிடைக்காது. தெரிந்தவர், உறவினர், பிரபலமானவர் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சிகிச்சையில் சம்பந்தமே இல்லாதவர் கோப்பைத் திறந்து பார்ப்பதும் மீறல்தான். யாரிடமும் சொல்லவில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

அழிக்கும் இடம்: கடைசியில் கோப்பு குப்பைக்குப் போகும் வழிதான் மிகவும் பலவீனமானது. தாமான்களில் ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியோடு வரும் லோரிக்கு எந்தக் காகிதமும் எடைக்கு எடைதான். கிளினிக்கின் பழைய அட்டைகள் அந்த லோரியில் ஏறக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாகத் துண்டாக்கும் இயந்திரமோ, சான்றிதழ் தரும் அழிப்பு நிறுவனமோ வேண்டும். வைத்திருக்க வேண்டிய காலம் முடிவதற்கு முன் அழிப்பதும் தவறு. பின்னால் வழக்கு வந்தால் நோயாளிக்கும் ஆதாரம் இருக்காது, மருத்துவருக்கும் இருக்காது.

அடையாள அட்டை எண் எவ்வளவு பேசும்?

நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியை அடையாளம் காண மைகார்டு எண்ணைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த 12 இலக்கங்கள் ஊமை அல்ல. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இரத்தக் குழாயில் ஒட்டிய சிறிய லேபல், மருந்துப் பையில் ஒட்டிய லேபல் இவற்றில் பெயரும் எண்ணும் சேர்ந்திருந்தால் வயது, ஊர், பால் எல்லாம் தெரிந்துவிடும். மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் நோயும் தெரியும்.

எப்போது சொல்லியே ஆக வேண்டும்?

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி டெங்கி, காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தை துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பினால் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டும். சுகாதார அலுவலகத்துக்குச் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. டெங்கி வந்த வீட்டுக்குப் புகை அடிக்க வருகிறவர் நோயாளியின் பெயரைத் தெரு முழுதும் சொல்ல அனுமதி இல்லை.

இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன செய்வது என்ற சிக்கலான கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1998-இல் வந்தது. சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. விவரம் வெளிப்பட்டு, நிச்சயித்த திருமணம் நின்றது. ஊரிலும் அவர் ஒதுக்கப்பட்டார். இரகசியம் காக்கும் கடமை உண்டு, ஆனால் மணப்பெண்ணின் உடல்நலத்தைக் கருதினால் அது வரம்பற்றது அல்ல என்று நீதிமன்றம் கூறியது. தெரிய வேண்டிய ஒருவருக்குத் தெரிவிப்பதற்கும் எல்லாருக்கும் தெரிந்துபோவதற்கும் உள்ள தூரத்தை இந்த வழக்கு காட்டுகிறது.

குடும்பத்தாருக்குச் சொல்லலாமா?

நம் வழக்கத்தில் மருத்துவர் முதலில் மகனைத்தான் தனியே அழைத்துப் பேசுவார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று குடும்பமே முடிவு செய்துவிடும். அன்பில் செய்வதுதான். ஆனால் தெளிவான நினைவோடு இருக்கும் நோயாளியின் விவரம் முதலில் அவருக்கே உரியது. யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்று அவர் சொல்லட்டும். அதைக் கோப்பின் முன்பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லலாம். பின்னால் அத்தை, சித்தப்பா என்று தொலைபேசியில் யார் கேட்டாலும் தாதியருக்கு வேலை சுலபம்.

மலாய் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளையோ பக்கத்துக் கட்டில்காரரோ மொழிபெயர்ப்பதும் நடக்கிறது. பெண்கள் சார்ந்த நோய், மனநலம், குடும்ப வன்முறை என்றால் பிள்ளைகளை நடுவில் வைக்க வேண்டாம். தமிழ் தெரிந்த தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று கேளுங்கள்.

முதலாளி கேட்டால்?

எம்.சி.யில் முதலாளிக்குத் தெரிய வேண்டியது எத்தனை நாள் ஓய்வு, எந்த மருத்துவர் கொடுத்தார் என்பதுதான். நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்கலாம். வேலைக்குச் சேரும் முன் பரிசோதனை, காப்புறுதி, பெர்கேசோ கோரிக்கை இவற்றுக்கு நீங்கள் கையெழுத்திடும் சம்மதப் பாரத்தைப் படித்துவிட்டு இடுங்கள். ‘என் மருத்துவ விவரங்கள் அனைத்தும்’ என்று இருந்தால், இந்தக் கோரிக்கைக்கு எந்தப் பகுதி தேவை என்று கேளுங்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வேண்டாம்.

நாமே கசியவிடும் விவரங்கள்

மருத்துவமனையை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. வாட்சாப் குழுவில் ‘இந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது?’ என்று பெயரோடு படம் போடுகிறோம். வார்டில் எடுத்த படத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளியும் அவர் அட்டையும் விழுகின்றன. சிகிச்சைக்கு நிதி கேட்கும் வேண்டுகோளில் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, வீட்டு முகவரி எல்லாவற்றையும் அப்படியே பரப்புகிறோம். உதவி கிடைத்து நோய் குணமான பின்னும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் போட்டால் உதவுகிறவர்கள் குறையமாட்டார்கள். சரிபார்க்க விரும்புகிறவருக்குத் தனியாகக் காட்டலாம்.

கர்ப்பிணிகள் கையில் கொண்டுபோகும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை மேலுறை போட்டுப் பையில் வையுங்கள். அதில் ஒட்டும் வண்ண அடையாளம், கர்ப்பத்தில் உள்ள ஆபத்தின் அளவைத் தாதியருக்குக் காட்டுவதற்காக உள்ளது. மாமியார் வீட்டு உறவினர்கள் அர்த்தம் தேடுவதற்காக அல்ல. பழைய மருந்துப் பையைக் குப்பையில் போடும் முன் லேபலைக் கிழியுங்கள்.

அந்தரங்கம் என்பதற்காக மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். ஒவ்வாமை, பழைய நோய், நாட்டு மருந்து, குடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெளியே போகாமல் காப்பது அவர் கடமை.

மீறல் நடந்தால் எங்கே போவது?

முதலில் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், எந்தத் தாள், யார் பார்த்தார். வேறு நோயாளியின் தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டால் படம் எடுக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

அரசாங்க மருத்துவமனை என்றால் அங்குள்ள பொதுத் தொடர்புப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையவழிப் புகார் முறையும் உண்டு. தனியார் மருத்துவமனை ஒவ்வொன்றும் நோயாளிகளின் புகாரை விசாரிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். அங்கே தொடங்கி, தீராவிட்டால் மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகலாம். தனியார் நிறுவனத்திடம் தரவுக் கசிவு என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையர். உங்களைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று எழுத்து மூலம் கேட்டால், சட்டம் 709-இன்படி 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் ஜோர்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

புகார் என்றால் வேலையைப் பறிப்பது என்று தயங்குகிறவர்கள் உண்டு. ஒரு வார்டில் முப்பது பேரைப் பார்க்கும் தாதி கோப்பைத் திறந்து வைத்துவிட்டு ஓடுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல. பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது. பூட்டுள்ள அலமாரி, மூடும் உறை, துண்டாக்கும் இயந்திரம் ஆகியவற்றை வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. எழுத்தில் போகும் புகார்தான் அந்தச் செலவுக்கு ஒப்புதல் வாங்க நிர்வாகத்துக்கும் ஆதாரமாகிறது.

அடுத்த முறை கிளினிக் போகும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் கோப்பு மேசை மேல் திறந்து கிடந்தால், ‘மிஸ்ஸி, அதைக் கொஞ்சம் மூடி வைக்கிறீர்களா?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.